வாலில்லாத ஆ

சசிரேகா இரண்டு பைகளும் பிள்ளையுமாகப் பிறந்த வீட்டு வாசலில் வந்து இறங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. புருஷன் வீட்டில் என்ன நடந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அப்பா நடராசன் கேட்கவில்லை. தம்பி சூர்யபிரகாஷ் மஸ்கட்டிலிருந்து போனில் கேட்டான். "அப்பறம் பேசுறேன்டா" என்று வைத்துவிட்டாள். தம்பி மனைவி வானதிக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

வானதிக்கு நாத்தனாரைக் கண்டால் பயம். கல்யாணமான நாளிலிருந்தே பயம். சசிரேகா பி.காம். படித்தவள். வந்த வேகத்தில் ஒரத்தநாட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பிடித்துவிட்டாள். வானதி பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள்.

போன வாரம் சாப்பிடும்போது நடந்ததை வானதி இன்னும் மறக்கவில்லை. விஜயதசமி அன்று மகன் ஆதிரனைத் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதாகச் சசிரேகா சொன்னாள். பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு நாலு எழுத்து கேட்பார்களாம். ஆதிரனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. சிலேட்டைக் கொடுத்தால் தூக்கி எறிவான்.

"நிதிலாவோட சேத்து ஆதிக்கும் நான் சொல்லித் தரேன் அண்ணி," என்றாள் வானதி. நிதிலா அவள் மகள், ஆதிரன் வயதுதான்.

சசிரேகா ரசத்தை ஊற்றிக்கொண்டே சிரித்தாள். "நீயா? நீ மொதல்ல பத்தாவது பரிட்சைய எழுதி முடி. அப்பறம் எம்புள்ளைக்கு டீச்சராவலாம்."

நடராசன் தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்தார். வானதியும் சேர்ந்து சிரித்து வைத்தாள். அழாமல் இருக்க அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வழி.

ஆனாலும் மறுநாள் காலையில் ஆரம்பித்துவிட்டாள்.

சிலேட்டைத் தொடவே இல்லை. முறத்தில் நெல்லைப் பரப்பி, ஆதிரனின் விரலைப் பிடித்து 'அ' இழுத்தாள். நெல் விலகி முறத்தின் பின்னல் தெரிந்ததும் அவன் கையைத் தட்டினான். பம்புசெட் ஓரத்துக் களிமண்ணைப் பாம்பாக உருட்டி, வளைத்து 'இ' செய்தார்கள். சப்பாத்தி மாவில் 'உ' செய்து சுட்டுத் தின்றார்கள். 'ஈ'க்குப் புள்ளி வைக்க வேப்பங்கொட்டை பொறுக்கினார்கள். நாலு வயதுப் பிள்ளைகள் இரண்டும் கை கால் எல்லாம் மண்ணும் மாவுமாக வீட்டைச் சுற்றி வந்தன. அவன் இப்போது காலையில் கண் விழித்ததும், "அத்தை, இன்னைக்கு என்ன எழுத்து செய்யலாம்?" என்று கேட்கிறான். எழுதலாம் என்று கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் 'ஆ' செய்யலாம் என்றாள் வானதி. அவன் பெயரின் முதல் எழுத்து. அழகாக வரவேண்டும். சாயந்தரம் சசிரேகா வந்து செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட வேண்டும்.

சேலைப் பெட்டியின் அட்டை மூடியில் பெரிதாக 'ஆ' வரைந்து மைதாப் பசையைத் தடவினாள். ஒட்டுவதற்குத்தான் எதுவும் அகப்படவில்லை. புளியங்கொட்டை தீர்ந்திருந்தது. தேடிக்கொண்டே வந்தவள் கண்ணில் சாமி மாடத்து டப்பா பட்டது. உள்ளே குன்றிமணி. பிள்ளையார் சதுர்த்திக்கு வாய்க்கால் வேலியிலிருந்து நடராசன் கொடியோடு பறித்து வந்தது. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைத்தது போக மீதி அப்படியே இருந்தது.

"சாமி கண்ணு!" என்று கத்தினாள் நிதிலா.

சிவப்பு உடம்பும் கறுப்பு மூக்குமாக அவை அட்டையில் வரிசையாக ஏறின. சுழி, வளைவு, கோடு, கடைசியில் கீழே சுற்றி வரும் வால். முடிந்தபோது 'ஆ' நகைக்கடை கண்ணாடிக்குள் வைத்தது போல மின்னியது. வானதி போனில் படம் பிடித்துப் புருஷனுக்கு அனுப்பினாள்.

வெளியே வானம் இருட்டியது. மாடியில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. "கையை வச்சிராதீங்க, காயட்டும்," என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள். நெல்லைக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு இறங்கி வந்தாள். பிள்ளைகள் அட்டையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வாசலில் கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் தயிர்சோறு ஊட்டினாள்.

அப்போதுதான் போன் அடித்தது.

"என்னங்க, போட்டோ பாத்தீங்களா?"

"வானதி, அது குன்றிமணிதானே?" சூர்யபிரகாஷின் குரல் சரியாக இல்லை. "நம்ம ரூம்ல காதர் மைதீன் அண்ணன் இருக்காருல்ல, அவர்கிட்ட காமிச்சேன். என்னடா தம்பி, புள்ளைங்க கையில இதக் குடுத்துருக்கீங்கன்னு எந்திரிச்சிட்டாரு. அவங்க ஊர்ல ஒரு கன்னுக்குட்டி தீவனத்துல இத அரைச்சுப் போட்டு எவனோ கொன்னுட்டானாம். விஷமாம்டி."

"விஷமா? சாமிக்கு வைக்கிறதாச்சே."

"முழுசா உள்ள போனா ஒண்ணும் ஆவாதாம். ஒடைஞ்சு போனாத்தான். புள்ளைங்க வாயில ஒண்ணும் வைக்கலல்ல?"

"இல்லங்க," என்றாள்.

பார்க்காமலே சொன்னாள். சொல்லி வைத்த பிறகுதான் கூடத்துக்குப் போய்ப் பார்த்தாள்.

அட்டையில் வால் இல்லை. 'ஆ' இருந்த இடத்தில் 'அ' இருந்தது. வால் ஓடிய தடத்தில் பசை மட்டும் குழி குழியாக இருந்தது.

காற்றில் விழுந்திருக்கும் என்று நினைத்தாள். பாயைத் தூக்கி உதறினாள். இரண்டு மூன்று உருண்டன. பீரோவுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டு இழுத்தாள். இன்னும் சில வந்தன. எல்லாவற்றையும் குழியில் வைத்துப் பார்த்தாள். வால் நிரம்பவில்லை.

அம்மிக்குப் பக்கத்தில் தரையில் என்னவோ பளபளத்தது. குனிந்தாள். சிவப்பு ஓடு. உடைந்த வளையல் துண்டு மாதிரி, நகத்தளவுகூட இல்லாத சில்லுகள். உள்ளே இருக்க வேண்டிய பருப்பு இல்லை.

சில்லுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

"நித்தி! ஆதி! இங்க வாங்க."

வந்து நின்றார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் இரண்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டன.

"சாமி கண்ண யாரு தின்னா?"

"ஆதி," என்றாள் நிதிலா.

"நித்திதான்," என்றான் ஆதிரன்.

"நீதான்டா மொதல்ல."

"நீ ரெண்டு முழுங்குன."

"சரி, முழுங்குனீங்களா, கடிச்சீங்களா? கண்ணு, அத்தை அடிக்க மாட்டேன். சொல்லுங்க. இத யாரு கடிச்சா?" சில்லை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஆதிரன் உதட்டைப் பிதுக்கினான். நிதிலா அழ ஆரம்பித்தாள்.

வாயைத் திறக்கச் சொல்லி இரண்டு பேருக்கும் நாக்குக்கு அடியில்வரை விரலை விட்டுப் பார்த்தாள். தயிர்சோறுதான் இருந்தது.

சில்லுகளைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஊரில் ஆட்டோ வைத்திருக்கும் அப்சருக்குப் போன் போட்டாள். "அப்சர் அண்ணே, ஒரத்தநாடு ஆஸ்பத்திரிக்குப் போவணும். ஒடனே வாங்க."

"என்னம்மா, யாருக்கு?"

"புள்ளைங்களுக்கு. காய்ச்சல்."

அது இரண்டாவது பொய். முதல் பொய் மஸ்கட்டில் இருந்தது.

ஊரைத் தாண்டியதும் ஆட்டோ ஊர்ந்தது. கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் குறுவை நெல்லைப் பாதி ரோட்டை அடைத்துக் கொட்டியிருந்தார்கள். மழை வரும்போல இருந்ததால் ஆளாளுக்குப் படுதாவை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நடராசன் ஆட்டோவைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"எங்கம்மா, புள்ளைங்கள ஏத்திக்கிட்டு?"

"லேசா காய்ச்சல் மாமா. ஊசி போட்டுட்டு வந்துர்றோம்."

அவர் ஆதிரன் நெற்றியில் புறங்கையை வைத்தார். "சுடலையே."

"உள்காய்ச்சல் மாமா."

"தாத்தா, நாங்க டவுனுக்குப் போறோம்," என்றான் ஆதிரன், திருவிழாவுக்குப் போவது போல.

"போயிட்டு வாங்க. சசிக்குச் சொல்லிட்டியா?"

சொல்லவில்லை. ஆட்டோ நகர்ந்ததும் வானதி போனைக் கையில் எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். சசிரேகா என்ன சொல்வாள் என்று அவளுக்கு அந்தக் குரலிலேயே கேட்டது. எம்புள்ளைக்கு வெஷத்த ஊட்டி எழுத்து சொல்லித் தந்தியா? வாழாம வந்துட்டேன்னு எம்புள்ளைய முடிச்சிரப் பாத்தியா?

மடியில் நிதிலா இடது பக்கம், ஆதிரன் வலது பக்கம். இரண்டு வயிற்றிலும் ஒவ்வொரு கையை வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே மாதிரி ஏறி இறங்கின.

பட்டுக்கோட்டை ரோடு திரும்பும்போது போனை அழுத்தினாள்.

"அண்ணி, கொஞ்சம் ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா? புள்ளைங்க ரெண்டும் கொட்டைய முழுங்கிருச்சுங்க."

"கொட்டையா? என்ன கொட்டை?"

வானதியின் வாய் திறந்தது. "புளியங்கொட்டை," என்று வந்தது.

"ஐயோ, மூச்சு விடுறானா?"

"நல்லாத்தான் இருக்கான் அண்ணி."

"ஒங்கிட்ட விட்டுட்டுப் போனேன் பாரு," என்று சசிரேகா வைத்துவிட்டாள்.

டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று வானதி கணக்குப் போட்டாள். சசிரேகா கடையிலிருந்து நடந்து வருவதற்குள் உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிட்டால், மருந்து கொடுத்துவிடுவார்கள். பிறகு வருவதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் திரும்பும்போது சசிரேகா அங்கே நின்றுகொண்டிருந்தாள். கடை ஸ்கூட்டி ஒன்றில் வந்திருந்தாள். ஆதிரனைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையைப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். வானதி நிதிலாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

சின்ன வயதுப் பெண் டாக்டர். எதிரில் கூட்டம்.

"மேடம், ரெண்டு புள்ளைங்களும் புளியங்கொட்டைய முழுங்கிருச்சுங்க," என்றாள் சசிரேகா மூச்சிரைக்க.

டாக்டர் ஆதிரனின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். பிறகு நிதிலாவுக்கு. தொண்டையில் டார்ச் அடித்தார். "மூச்சு நல்லா இருக்கு. இருமல் இல்ல. வாந்தி?"

"இல்ல மேடம்."

"அப்ப பயப்படாதீங்க. புளியங்கொட்டைதானே, அது பாட்டுக்கு வெளிய வந்துரும். வாழைப்பழம் குடுங்க. அடுத்து யாரு?"

சசிரேகா மேலே பார்த்துக் கும்பிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. வானதியைத் திரும்பிப் பார்த்தாள், முகத்தில் கோபம் பாதி கரைந்திருந்தது. "வா, வீட்டுக்குப் போவோம். உசுர வாங்கிட்ட போ."

அடுத்த ஆள், ஒரு கிழவர், நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று.

வானதி நகரவில்லை. போய்விடலாம். கதவு திறந்திருக்கிறது, ஆட்டோ நிற்கிறது. வழியில் வாழைப்பழம் வாங்கலாம். சசிரேகா இரவு சாப்பிடும்போது இதைச் சொல்லிக் கிண்டல் செய்வாள். எல்லாம் பழையபடி ஆகிவிடும், கொஞ்ச நேரத்துக்கு. பிறகு இரண்டு பிள்ளைகளில் ஒன்று...

"டாக்டர்." டாக்டர் கிழவரின் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி சொன்னாள். "டாக்டர், புளியங்கொட்டை இல்ல."

இடுப்பிலிருந்த துணியை உருவி மேசையில் அவிழ்த்தாள். சிவப்புச் சில்லுகள் மருந்துச் சீட்டின் மேல் சிதறின.

"குன்றிமணி. நாந்தான் வெளையாடக் குடுத்தேன். உடைச்சிருக்காங்க."

டாக்டர் எழுந்துவிட்டார். "சிஸ்டர், நூத்தியெட்டுக்குச் சொல்லுங்க. தஞ்சாவூர். எப்ப சாப்புட்டாங்க? எத்தன? யாரு கடிச்சது?"

"தெரியல டாக்டர். ஆளு மாத்தி ஆளு சொல்லுதுங்க."

சசிரேகாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கை தானாக ஓங்கியது. வானதி முகத்தைத் திருப்பவில்லை, அடி விழட்டும் என்று நின்றாள்.

"அடிக்கிறதெல்லாம் வெளிய வச்சுக்கங்க," என்று நர்ஸ் நடுவில் புகுந்தாள். "புள்ளையப் புடிங்க, ஊசி போடணும்."

சசிரேகா கையை இறக்கினாள். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. ஆம்புலன்ஸில் ஏறும்போதும், புது ஆற்றுப் பாலத்தில் வண்டி குலுங்கியபோதும் பேசவில்லை. வானதிக்கு அந்த அடியைவிட இது கொடுமையாக இருந்தது.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் விஷத்தை உறிஞ்சும் கரியைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். பிள்ளைகள் இருவருக்கும் பல்லும் உதடும் கறுத்துப்போயின. ஆதிரன் நிதிலாவைக் காட்டி, "பேய் மாதிரி இருக்கா," என்று சிரித்தான். அவள், "நீதான் பேயி," என்று நாக்கை நீட்டினாள். கறுப்பு நாக்கு. நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள். இரண்டு அம்மாக்களாலும் முடியவில்லை.

குழந்தைகள் வார்டில் ஒரு கட்டில்தான் காலியாக இருந்தது. இரண்டையும் தலைமாடு கால்மாடாகப் படுக்க வைத்து, ஆளுக்கொரு சலைன் பாட்டிலை மாட்டினார்கள்.

பெரிய டாக்டர் வந்து நின்றபடியே சொன்னார். "முழுசா முழுங்கியிருந்தா மேல் தோல் கெட்டி, அப்படியே வந்துரும். உடைஞ்சு உள்ள போயிருந்தாத்தான் பயம். இதுக்குன்னு மாத்து மருந்து கிடையாது. வாந்தி, பேதி, ரத்தம் எது வந்தாலும் உடனே கூப்பிடுங்க. இன்னைக்கு ஓடியாடுற புள்ளைக்கு நாளைக்கு ஆரம்பிக்கலாம். அசந்துராதீங்க."

நடராசன் போன் செய்தார். விஷயம் அப்சர் மூலம் அவருக்குப் போயிருந்தது. "நெல்ல அப்படியே போட்டுட்டு பஸ் ஏறிட்டேன்," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் சசிரேகா ஆதிரனின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் வானதி. சில்லுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஒரே ஒன்றின் ஓடுதான் வந்தது. உடைந்தது ஒரு குன்றிமணி. இங்கே இரண்டு வயிறுகள்.

வானதி கண்ணை மூடிக்கொண்டாள். எம்புள்ளையா இருக்கக் கூடாது, எம்புள்ளையா இருக்கக் கூடாது என்று உதடு தானாக முணுமுணுத்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த வேண்டுதலுக்கு என்ன அர்த்தம் என்று உறைத்தது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

சசிரேகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் அதத்தான் வேண்டிக்கிட்டு இருக்கேன்," என்றாள், மதியத்துக்குப் பிறகு முதல்முறையாக. "பொய் சொல்ல மாட்டேன். ஒன் புள்ளையா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்."

வானதி தலையைக் குனிந்துகொண்டாள். சசிரேகா சொன்னதில் கோபம் இல்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது.

"அண்ணி, நான் வேணும்னு செய்யல. நீங்க வந்து பாக்கும்போது அழகா இருக்கணும்னுதான்..."

"தெரியும்," என்றாள் சசிரேகா. "ஆனா அங்க நீ வாயத் தொறக்கலன்னா, நான் இவனத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அத நெனச்சாத்தான் எனக்கு ஒடம்பு ஒதறுது."

ஆதிரன் தூங்கிவிட்டிருந்தான். நிதிலா விழித்திருந்தாள். அத்தையும் அம்மாவும் பேசுவதை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சசிரேகா அவள் பக்கம் குனிந்தாள். "நித்தி, அத்தைக்கு மட்டும் சொல்லு. அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். யாருடா அத ஒடைச்சது?"

நிதிலா அம்மாவைப் பார்த்தாள். வானதி தலையாட்டினாள்.

"ஆதி கையில கடைசியா ஒண்ணுதான் இருந்துச்சு. எனக்குன்னு கேட்டேன். அவனும் எனக்குன்னான்."

"அப்பறம்?"

"காக்கா கடி." போர்வையின் ஓரத்தைச் சுருட்டி, உள்ளே எதையோ வைத்தது போல மடித்து, கறுத்த பல்லால் கடித்துக் காட்டினாள். கமர்கட்டைப் பங்கு போடுவதற்கு எச்சில் படாமல் துணியில் சுற்றிக் கடிப்பார்களே, அதேதான். "கடிக்கவே முடியல அத்தை. பல்லு வலிச்சுச்சு. அப்பறம் ஆதி எம்பாவாடைக்குள்ள வச்சுக் கொழவியால தட்டுனான்."

"தட்டி?"

"ஆளுக்குப் பாதி," என்றாள் நிதிலா. பங்கு சரியாகப் போட்டதைச் சொல்லும் பெருமை அவள் குரலில் இருந்தது. "கசந்துச்சு. தண்ணி குடிச்சு முழுங்கிட்டோம்."

வார்டில் வேறு ஏதோ ஒரு குழந்தை அழுதது. மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது.

வானதிக்கு அழுகை வரவில்லை. வேண்டிக்கொள்ள இப்போது எதுவும் மிச்சமில்லை. என் பிள்ளை, உன் பிள்ளை என்று சாமியிடம் பிரித்துக் கேட்க இடம் இல்லை.

சசிரேகா எழுந்தாள். கட்டிலைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். வானதியின் ஸ்டூலில் பாதி இடத்தைத் தள்ளி அவளோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"போ," என்றாள் சசிரேகா. "டாக்டர்கிட்ட சொல்லு. ரெண்டு பேரும்னு சொல்லு. ஓடு."

வானதி ஓடினாள். நீளமான வராண்டா. இரண்டு பக்கமும் பாயில் படுத்திருந்தவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டி ஓடினாள். நர்ஸ்களின் அறை வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது.

பாதி வழியில் பின்னாலிருந்து சசிரேகாவின் அலறல் கேட்டது.

"வானதீ! வாந்தி எடுக்குதுடி! ஓடியா!"

எந்தப் பிள்ளை என்று அவள் சொல்லவில்லை. வானதியும் கேட்கவில்லை. அங்கே நின்றபடியே டாக்டரைக் கூப்பிட்டுக் கத்திவிட்டு, இருவருக்காகவும் திரும்பி ஓடினாள்.